வாஷிங்டன்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஆங்கிலக் குடும்பப் பெயரைத் தேடத் தொடங்குபவருக்கு

1183-ல் இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் பிஷப் தன் நிலங்களுக்கெல்லாம் ஒரு கணக்கு எழுத வைத்தார். போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர். எந்த ஊர் யார் கையில் இருக்கிறது, அவர் எவ்வளவு கட்டுகிறார், என்ன ஊழியம் செய்கிறார் என்று லத்தீனில் வரிசையாக இருக்கும். அதில் ஒரு பதிவு: ஹெர்ட்பர்ன் வில்லியம் என்பவர் ஹெர்ட்பர்ன் ஊரை விட்டுக் கொடுத்து, அதற்கு ஈடாக வெஸ்ஸிங்டன் ஊரை வாங்கிக்கொண்டிருக்கிறார். நான்கு பவுண்டு கட்ட வேண்டும். பிஷப்பின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களோடு போகவும் வேண்டும்.

ஊர் மாறியதும் ஆளின் பெயரும் மாறிவிட்டது. ஹெர்ட்பர்ன் வில்லியம் போய் வெஸ்ஸிங்டன் வில்லியம் வந்தார். அந்த வெஸ்ஸிங்டன்தான் பிற்பாடு வாஷிங்டன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம், போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர். "ஏப்பா, எங்க தாத்தாவோட தாத்தா இங்கிலாந்துல எந்த ஊருன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று ஒரு நாள் கேட்டார். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடத்தில் செய்த தவறுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நண்பரின் பெயரை எடுக்காமல் வாஷிங்டனை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த, ஊரறிந்த குடும்பம் இது. இவர்களைத் தேடியவர்கள் சறுக்கிய இடங்களும் பதிவாகியிருப்பது நமக்கு வசதி.

பெயரைப் பிரித்துப் பாருங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள்

ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள். தொழிலால் வந்தது: ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையல்காரர். அப்பா பெயரால் வந்தது: ஜான்சன், வில்சன். பட்டப்பெயர்: ஷார்ட், ஆர்ம்ஸ்ட்ராங். நான்காவது இடத்தால் வந்தது: ஹில், வுட் மாதிரி பொதுவானவை, அல்லது ஒரு குறிப்பிட்ட ஊரின் பெயர்.

கொல்லர் இல்லாத ஊர் கிடையாது. அதனால் ஸ்மித் என்ற பெயரின் அர்த்தம் தெரிந்து எந்தப் பிரயோஜனமும் இல்லை, அது ஆயிரம் இடத்தில் தனித்தனியாக முளைத்த பெயர். ஊர்ப் பெயர் என்றால்தான் கையில் ஒரு நூல் கிடைக்கும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண ஜனங்களில், ஊரைவிட்டு வெளியே போனவருக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டும். மதுரையிலேயே இருப்பவரை மதுரைக்காரர் என்று யார் கூப்பிடுவார்கள்? வில்லியம் மாதிரி ஊரையே வைத்திருந்தவர்கள் கதை வேறு.

வாஷிங்டன் என்பது பழைய ஆங்கிலத்தில் ஒரு ஆளின் பெயரிலிருந்து வந்த ஊர்ப் பெயர். ஹ்வாசா அல்லது வாசா என்ற ஒருவரின் ஆட்கள் இருந்த ஊர் என்று பொருள் சொல்வார்கள். நடுவில் வரும் 'இங்' அந்த ஆட்களைக் குறிக்கும், கடைசியில் வரும் 'டன்' ஊரைக் குறிக்கும். சரி, ஊர் தெரிந்துவிட்டது, மூட்டை கட்டலாமா? கூடாது. வடக்கே டர்ஹாமில் இருப்பது ஒரு வாஷிங்டன். தெற்குக் கடற்கரையை ஒட்டிய சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் இருக்கிறது. போதாததற்கு நாட்டின் நடுவில் டெர்பிஷயரில் வெஸ்ஸிங்டன் என்றே ஓர் ஊர். அகராதியில் ஊர்ப் பெயரைப் பார்த்த கையோடு வரைபடத்தில் புள்ளி வைப்பவர்கள் முதல் நாளே தடம் மாறிவிடுவார்கள்.

குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கும் வழக்கம் இங்கிலாந்தில் படிப்படியாக வந்தது. நிலம் வைத்திருந்தவர்களிடம் முதலில் வந்தது, மற்றவர்களிடம் பின்னால். 1400 வாக்கில் பெரும்பாலோரிடம் நிலைத்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு ஒரு பெயர் இருக்கலாம். ஆகவே 1300-க்கு முந்தைய ஒரு வாஷிங்டனைக் கண்டால் சொந்தக்காரர் என்று கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தேடலை இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, மேலே இருக்கும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வரப் பார்ப்பது. அப்படி இறங்கினால் நம் வீட்டு வாசலுக்கு எப்படியும் வந்து சேர்ந்துவிடலாம், ஏனென்றால் நாம் வளைத்துக்கொண்டே வருவோம். உயிரோடு இருப்பவரிடமிருந்து ஒரு தலைமுறை ஒரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும், இன்னார் இன்னாரின் பிள்ளை என்று சொல்லும் ஒரு காகிதம் வேண்டும். பெயர் ஒத்துப்போவது காகிதம் ஆகாது.

முதலில் வீட்டில் இருப்பதை எடுங்கள்: பிறப்புச் சான்றிதழ், பைபிளின் முன்பக்கத்தில் எழுதிவைத்த பிறந்த தேதிகள், பட்டாளத்தில் இருந்தவரின் சம்பளப் புத்தகம், பழைய கடித உறைகளின் பின்னால் இருக்கும் முகவரி. வயதானவர்களிடம் பேசும்போது "உங்க தாத்தா பேர் என்ன" என்று கேட்பதைவிட "அவர் சாவுக்கு யார் யார் வந்தாங்க" என்று கேளுங்கள். சொந்தம் முழுக்க வரிசையாக வந்துவிடும்.

அரசாங்கப் பதிவுகள்: 1837-லிருந்து

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1-ல். அதன் இன்டெக்ஸை ஃப்ரீபிஎம்டி என்ற தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய இன்டெக்ஸில் பிறப்புகளுக்கு அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்ந்து வரும். ஒரே பெயரில் நான்கு குழந்தைகள் இருக்கும்போது இதுதான் காப்பாற்றும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருடத்துக்கு ஒரு முறை. 1841-லிருந்து 1921 வரை பெயர்களோடு பார்க்கலாம். 1841-ல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், அதனால் 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். அந்த வருடம் பிறந்த ஊரும் கிடைக்காது, இதே கவுன்ட்டியா (நம் மாவட்டம் மாதிரி) இல்லையா என்பது மட்டும்தான். 1851-லிருந்து பிறந்த ஊர் தனிப் பத்தியில் வருகிறது. ஒரு குடும்பம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று பார்க்க இந்தப் பத்தி ஒன்றே போதும். மூத்த பிள்ளை ஓர் ஊரில், நடுப்பிள்ளை இன்னோர் ஊரில், கடைக்குட்டி மூன்றாவது ஊரில் பிறந்திருந்தால், அப்பா வேலை தேடிப் போன பாதை அப்படியே தெரியும். 1931-ன் கணக்கெடுப்பு 1942-ல் தீயில் போய்விட்டது, 1941-ல் போர் நடந்ததால் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939-ல் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு இருக்கிறது.

1881 கணக்கெடுப்பை வைத்துக் குடும்பப் பெயர்கள் எந்தக் கவுன்ட்டியில் அடர்த்தியாக இருந்தன என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கலாம், சுவாரசியமாக இருக்கும். ஆனால் 1881-க்குள் ரயில் வந்துவிட்டது, தொழிற்சாலை வந்துவிட்டது, பாதி ஜனம் இடம்பெயர்ந்தாயிற்று. அந்த வரைபடம் காட்டுவது 1881-ஐத்தான்.

சர்ச் பதிவேடுகள்

1837-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் சர்ச்தான். ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். 1598-லிருந்து வருடத்துக்கு ஒரு நகல் பிஷப்புக்கும் போக வேண்டும் என்று வந்தது. இது நமக்கு வரப்பிரசாதம். சர்ச்சில் இருந்த மூலத்தை எலி தின்றிருந்தால் பிஷப்பின் நகலைத் தேடலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இவற்றில் பெரும்பகுதிக்கு இலவச இன்டெக்ஸ் இருக்கிறது.

இன்டெக்ஸோடு நிற்காமல் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். முதல் தடவை திறந்தபோது எனக்கு அது ஆங்கிலமே இல்லை என்று தோன்றியது. இ (e) என்ற எழுத்து, தலைகீழாகப் போட்ட வளையம் மாதிரி இருக்கும். ஸ் என்பது ஃப் போலத் தெரியும். வில்லியமை லத்தீனில் குலியெல்மஸ் என்று எழுதியிருப்பார்கள், அதையும் பாதியில் வெட்டிக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு வழி சொல்கிறேன்: அதே பக்கத்தில் மாதங்களின் பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள். மாதப் பெயர் நமக்குத் தெரிந்த சொல். அதை வைத்து அந்தப் பாதிரியாரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம். அரை மணி நேரத்தில் கண் பழகும்.

மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த 1640-களிலும் அதை ஒட்டிய வருடங்களிலும் பல பதிவேடுகள் வெறும் பக்கமாக இருக்கும். பாதிரியாரே துரத்தப்பட்டிருப்பார்.

இங்கே நான் விழுந்த குழியைச் சொல்லிவிடுகிறேன். நண்பரின் முன்னோர் ஒருவருக்குச் சரியான பெயர், சரியான ஊர், சரியான வருடத்தில் ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது. சந்தோஷத்தில் அவரைப் பிடித்து மேலே ஆறு தலைமுறை ஏறிவிட்டேன். நான்கு மாதம் கழித்து அதே பதிவேட்டின் அடக்கப் பகுதியைச் சும்மா புரட்டியபோது, அந்தக் குழந்தை இரண்டு வயதில் அடக்கமாகியிருந்தது. செத்துப்போன குழந்தைக்குக் கல்யாணம் பண்ணிவைத்து ஒன்பது பிள்ளைகளும் பெற வைத்துவிட்டேன். அன்றிலிருந்து, ஒரு பிறப்பைக் கண்டால் அடுத்த பத்து வருட அடக்கங்களைப் பார்க்காமல் அவரை மரத்தில் ஏற்றுவதில்லை.

அப்புறம் தேதி. 1752-க்கு முன்னால் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. 1655 டிசம்பருக்கு அடுத்து வருவது 1655 ஜனவரி. அதனால்தான் பிப்ரவரி 1655/56 என்று இரண்டு வருடம் போட்டு எழுதுகிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. இது தெரியாவிட்டால் திருமணத்துக்கு முன்னால் பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும், வீணாக ஒரு குடும்பத்துக்குக் கெட்ட பெயர்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள்

வெஸ்ஸிங்டன், வாஸ்ஸிங்டன், வெஷிங்டன், வாஷிங்டன் எல்லாம் ஒரே ஆட்கள். 1416-லிருந்து 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராக இருந்தவர் ஜான் வெஸ்ஸிங்டன். எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதினார், சொல்கிறவருக்கு எழுதத் தெரியாது. "எங்கள் பெயரில் ஒரு எல்தான், இரண்டு எல் போடுகிறவர்கள் வேறு குடும்பம்" என்று சொல்பவர்கள் 19-ம் நூற்றாண்டுக்கு முன்னால் போனதில்லை என்று அர்த்தம். தேடும் பெட்டியில் சந்தேகமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள், நாக்கில் உருட்டிப் பார்த்து வேறு எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

உயில்கள்: உண்மையில் குடும்பம் இருக்கும் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என்னைக் கேட்டால், 1837-க்கு முன்னால் ஓரளவு சொத்து வைத்திருந்த குடும்பத்துக்கு உயிலைப் போல் உதவுவது எதுவும் இல்லை. ஞானஸ்நானப் பதிவு ஒரு பிள்ளையைச் சொல்லும், உயில் மொத்தக் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசும். அண்ணன், மச்சினன், ஞானப்பிள்ளை (ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்றுக்கொண்ட குழந்தை), வேலைக்காரி என்று எல்லோரும் பெயரோடு வருவார்கள். 1858-க்கு முன்னால் உயில்கள் சர்ச் நீதிமன்றங்களில் பதிவாயின. அவற்றில் பெரியது கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றம். அதன் உயில்கள் லண்டனுக்கு அருகே கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன.

வாஷிங்டன் கதையில் இது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 1791-ல் இங்கிலாந்தின் தலைமைக் குலச்சின்ன அதிகாரியான சர் ஐசக் ஹேர்ட், ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதி வம்சத்தைப் பற்றி விசாரித்தார். 1792 மே மாதம் பதில் வந்தது. இதிலெல்லாம் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றும், முன்னோர் இங்கிலாந்தின் வட கவுன்ட்டி ஏதோ ஒன்றிலிருந்து வந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பதாகவும், லங்காஷயரா யார்க்ஷயரா இன்னும் வடக்கா என்று சரியாக நினைவில்லை என்றும் எழுதியிருந்தார். அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு முதலில் வந்தவர்கள் ஜான், லாரன்ஸ் என்ற அண்ணன் தம்பிகள் என்பது மட்டும் தெரியும்.

ஹேர்ட் தன்னிடம் இருந்த வம்சாவளிகளைப் புரட்டினார். நார்த்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊரின் வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். பெயர் ஒத்துப்போகிறது, காலமும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது, அவர்கள்தான் என்று முடிவு கட்டினார். அறுபது எழுபது வருடம் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

1866-ல் ஜோசப் செஸ்டர் என்ற அமெரிக்கர் அதை உடைத்தார். ஹேர்ட் காட்டிய ஜான் இங்கிலாந்தில் சர் பட்டம் வாங்கியவர், வர்ஜீனியா ஜானுக்கு அப்படி ஒரு பட்டமே இல்லை. ஹேர்ட் காட்டிய லாரன்ஸ் ஒரு பாதிரியார், வர்ஜீனியா லாரன்ஸ் ஒரு வியாபாரி. பெயரைத் தவிர எதுவும் சேரவில்லை. செஸ்டரால் தவறைக் காட்ட முடிந்தது, சரியான ஆளைக் காட்ட முடியவில்லை.

சரியான ஆளைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ். இவர் தேடியது உயில்களில். ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் டிரிங் என்ற சிறிய ஊர். அங்கே ஆண்ட்ரூ நோலிங் என்பவர் தன் உயிலில் லாரன்ஸ் வாஷிங்டன் என்ற ஞானப்பிள்ளைக்குச் சொத்து எழுதிவைத்திருக்கிறார். அதே டிரிங் சர்ச்சில் 1635 ஜூனில் லாரன்ஸ் என்ற வாஷிங்டன் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதே ஊரில் இறந்த ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன் என்ற அம்மாள் உயில் எழுதவில்லை, அவர் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தை 1655/56 பிப்ரவரியில் அவர் மகன் ஜான் வாஷிங்டனுக்கு நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. ஜான், லாரன்ஸ், இருவருக்கும் ஒரே அம்மா, வர்ஜீனியாவுக்குக் கப்பல் ஏறுவதற்குச் சற்று முந்தைய காலம். அப்பா யார்? சல்கிரேவ் குடும்பத்தின் பாதிரியார் லாரன்ஸ். ஹேர்ட் சுட்டிக்காட்டிய அதே பாதிரியார்! அதாவது ஹேர்ட் குடும்பத்தைச் சரியாகத்தான் பிடித்தார், ஒரு தலைமுறை தவறிவிட்டது. அப்பாவையும் பெரியப்பாவையும் பிள்ளைகள் என்று எண்ணிவிட்டார். வாட்டர்ஸ் இதை 1889-ல் வெளியிட்டார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைமுறை ஒன்று உண்டு. வாஷிங்டன் என்ற பெயரை மட்டும் தேடியிருந்தால் நோலிங்கின் உயில் கண்ணில் பட்டிருக்காது. ஊரைப் பிடித்துவிட்டால் அந்த ஊரின் மற்றவர்கள் உயிலையும் படியுங்கள். உங்கள் ஆள் அடுத்தவர் உயிலில்தான் ஒளிந்திருப்பார்.

ஏன் நகர்ந்தார்கள் என்று கேளுங்கள்

ஒருவர் ஒரு பதிவேட்டிலிருந்து மறைந்தால், எங்கே போனார் என்று தேடுவதற்கு முன்னால் ஏன் போயிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். வாஷிங்டன்களின் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

டர்ஹாமில் இருந்த குடும்பத்தின் ஒரு கிளை, திருமணச் சம்பந்தத்தால் மேற்கே நகர்ந்து லங்காஷயரின் வார்ட்டனில் தங்கியது. வார்ட்டன் சர்ச் கோபுரத்தில் இன்றும் அவர்களுடைய சின்னம் இருக்கிறது. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் நார்த்தாம்ப்டனுக்கு வந்தார். அவருடைய தாய்மாமன் சர் தாமஸ் கிட்சன் லண்டனில் பெரிய வணிகர். மருமகன் கம்பளி வியாபாரத்தில் இறங்கி 1532-லும் 1545-லும் நார்த்தாம்ப்டன் மேயராக இருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களை மூடி நிலங்களை விற்றபோது, 1539-ல் 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸ் கொடுத்துச் சல்கிரேவை வாங்கினார். சல்கிரேவ் வீடு இன்றும் இருக்கிறது. வாசற்கதவுக்கு மேலே இரண்டு மூலையிலும் அந்தக் குடும்பச் சின்னம்: மூன்று நட்சத்திரம், கீழே இரண்டு பட்டை.

கம்பளிக் காசு இரண்டு தலைமுறைக்குமேல் தாங்கவில்லை, சல்கிரேவ் கைமாறியது. பாதிரியார் லாரன்ஸ் எசெக்ஸில் பர்லி என்ற ஊரின் நல்ல வருமானமுள்ள சர்ச்சில் இருந்தார். உள்நாட்டுப் போரில் பாராளுமன்றக் கட்சிக்காரர்கள் 1643-ல் அவரைக் குடிகாரர் என்று குற்றம் சாட்டி வெளியேற்றினார்கள். உண்மையிலேயே குடித்தாரா, மன்னர் பக்கம் நின்றதற்குத் தண்டனையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எப்படியோ, வருமானம் போயிற்று. மகன் ஜான், புகையிலை வாங்க வர்ஜீனியா போகும் சீ ஹார்ஸ் என்ற கப்பலில் கேப்டனுக்கு உதவியான அதிகாரியாக (மேட்) ஏறினார். 1657-ன் தொடக்கத்தில் போட்டமக் ஆற்றில் கப்பல் தரை தட்டியது. அவர் அங்கேயே தங்கி, நத்தானியல் போப் என்ற நிலக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டார். அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ்.

கடல் தாண்டிய பின்

கப்பலில் போனவர்களின் பட்டியல் எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டனிலிருந்து வெளியே போன பயணிகளின் பட்டியல் தொடர்ச்சியாக இருப்பது 1890-லிருந்துதான். 17-ம் நூற்றாண்டுக்குத் துண்டு துண்டாகச் சில. வர்ஜீனியாவில் ஆள் ஒருவரைக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள், அதனால் நிலப் பட்டாவில் வந்தவர்களின் பெயர்கள் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும்.

கோர்ட் பதிவுகளையும் விடாதீர்கள். சீ ஹார்ஸ் விவகாரத்தில் ஜானுக்கும் எட்வர்ட் பிரெஸ்காட் என்ற கப்பல்காரருக்கும் தகராறு. பிரெஸ்காட்டின் இன்னொரு பயணத்தில் எலிசபெத் ரிச்சர்ட்சன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லித் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்று ஜான் 1659-ல் மேரிலாந்தில் புகார் கொடுத்தார். விசாரணை நாள் வந்தது, புகார் கொடுத்தவர் வரவில்லை. வர முடியாததற்குக் காரணம் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்: அன்றைக்கு என் சின்ன மகனுக்கு ஞானஸ்நானம், ஆட்களை அழைத்துவிட்டேன். சாட்சி இல்லாததால் பிரெஸ்காட் விடுதலை. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கொலை வழக்கிலிருந்து தெரிகிறது பாருங்கள்.

பெயர் ஒன்று, ரத்தம் வேறு

2000-ம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் 1,63,036 பேருக்கு. அதில் 90 சதவீதம் கறுப்பினத்தவர். டர்ஹாமிலிருந்து கிளம்பிய பெயரை இன்று சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் அந்த வேட்டை நாய் வில்லியமுக்கும் ரத்த சம்பந்தம் தேட வேண்டியதில்லை.

ஹாரி வாஷிங்டன் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணைக்கு வந்தவர். சுதந்திரப் போர் வந்தபோது முதலாளியின் எதிரிகளான பிரிட்டிஷ் பக்கம் ஓடிவிட்டார். 1783-ல் பிரிட்டிஷார் நியூயார்க்கை விட்டுக் கிளம்பும்போது, தங்களோடு வந்த சுமார் 3,000 கறுப்பினத்தவரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதினார்கள். அதில் ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு வருடத்துக்கு முன் அவரை விட்டு வந்தவர் என்று இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார், 1792-ல் அங்கிருந்து சியரா லியோனுக்கு. 1800-ல் அங்கே வரி எதிர்ப்புக் கலகத்தில் சேர்ந்து நாடு கடத்தப்பட்டார். டர்ஹாம் கிராமத்தின் பெயர் இப்படித்தான் ஆப்பிரிக்கக் கரையில் போய் இறங்கியது.

பிற்பாடு பெரிய கல்வியாளரான கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன் கதை இன்னும் நுட்பம். அடிமையாகப் பிறந்த அந்தச் சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் போகும்வரை புக்கர் என்ற ஒரே பெயர்தான். மற்ற பிள்ளைகள் இரண்டு பெயர் சொல்வதைக் கேட்டு, தன் முறை வந்தபோது புக்கர் வாஷிங்டன் என்று சொல்லிவிட்டான். அவனுடைய வளர்ப்பு அப்பா பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். ஒரு குடும்பப் பெயர் முதற்பெயராகி, மறுபடியும் குடும்பப் பெயராகிவிட்டது.

இந்தப் பக்கம் தேடுபவர்களுக்கு 1870 அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒரு சுவர். அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடு பதிவானது அதில்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் முதலாளியின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டும் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. 1865-க்குப் பிந்தைய விடுதலை பெற்றோர் நல அலுவலகத்தின் ஒப்பந்தங்களும் உதவிப் பட்டியல்களும் அந்தச் சுவரில் இருக்கும் ஓட்டைகள்.

குலச்சின்னம், டிஎன்ஏ: இரண்டு எச்சரிக்கை

உங்கள் குடும்பப் பெயரின் குலச்சின்னம் என்று கோப்பையில் அச்சிட்டு விற்பார்கள். வாங்காதீர்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுக்கப்பட்டது, பெயருக்குக் கொடுக்கப்பட்டதல்ல. சல்கிரேவ் வாசலின் நட்சத்திரமும் பட்டையும் பார்த்து அமெரிக்கக் கொடி அதிலிருந்துதான் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. வாஷிங்டன் நகரத்தின் கொடி மட்டும் அதிலிருந்து எடுத்தது, 1938-ல்.

ஒய் குரோமோசோம் பரிசோதனை அப்பா வழியாக, குடும்பப் பெயர் இறங்கும் அதே பாதையில் போகும். ஒரே பெயருள்ள இரண்டு ஆண்கள் ஒரே கிளையா என்று பார்க்க நல்லது. ஒரு தத்து, ஒரு பெயர் மாற்றம் வந்தால் போதும், அறுந்துவிடும். காகிதத் தேடல் முட்டிக்கொண்டு நிற்கும்போது செய்துகொள்ளலாம், அதற்கு முன் செலவழிக்க வேண்டாம்.

தேடல் மெட்ராஸுக்கு வந்தால்

நம் ஊர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இது. மெட்ராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல் 1698-லிருந்து லண்டனுக்குப் போயிருக்கிறது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கிறது, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற தளத்தில் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் ஒன்று ஃபிபிஸ் என்ற சுருக்கப் பெயரில் இயங்குகிறது, அதன் தேடல் இலவசம். முன்னோர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய் என்றால் ஒரு நல்ல செய்தி: கம்பெனி தன் ஐரோப்பியச் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றும்போது வைத்த பதிவேடுகளில் பெயர், வயது, இங்கிலாந்தில் செய்த தொழில், பிறந்த ஊர் எல்லாம் எழுதிய பக்கங்கள் உண்டு.

நண்பரின் முன்னோரை நான் கடைசியில் பிடித்தது அப்படி ஒரு பக்கத்தில்தான். தொழில் என்ற இடத்தில் நெசவாளர் என்று இருந்தது. நண்பர் அதை விரலால் தொட்டுக்கொண்டே, "கோயமுத்தூருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கார் பாருங்க" என்றார். பிறந்த ஊர் என்ற இடத்தில் காதில் விழுந்தபடி ஏதோ எழுதியிருந்தது. அந்தப் பெயரில் அந்தக் கவுன்ட்டியில் ஊரே இல்லை. கிட்டத்தட்ட அந்த ஓசையில் மூன்று ஊர் இருக்கிறது. இரண்டின் சர்ச் பதிவேட்டை முடித்துவிட்டேன், மூன்றாவதில் இப்போது 1790-களின் அடக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.